ரசிகருக்கான உடற்பயிற்சிக் கையேடு: வெரைட்டி ஹால் ரோட்டிலிருந்து கோடம்பாக்கம் வரை

ஒரு ரசிகரிடம் அவருக்குப் பிடித்த நடிகரைப் பற்றிக் கேட்டால், எந்தப் படம் எந்தத் தீபாவளிக்கு வந்தது, எந்தத் திரையரங்கில் எத்தனை நாள் ஓடியது, முதல் நாள் வசூல் எவ்வளவு, அந்தச் சாதனையைப் பிறகு முறியடித்த படம் எது என்று தாளைப் பார்க்காமலே சொல்வார். அனிமே என்னும் ஜப்பானிய அசைபடத் தொடர்களைப் பார்ப்பவருக்கு நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள் கொண்ட தொடரிலும் எந்தச் சண்டை எங்கே வருகிறது என்பது நினைவில் இருக்கும். கிரிக்கெட் ரசிகருக்கு ஸ்டிரைக் ரேட் விரல்நுனியில் இருக்கும். ஒன்றைத் தொடர்ந்து கவனித்து, கணக்கு வைத்து, முந்தைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் உடற்பயிற்சி தொடங்கும் பலருக்கு வாய்ப்பதில்லை. ஜனவரியில் ஜிம்மில் பணம் கட்டிவிட்டு மாசி பிறப்பதற்குள் நின்றுவிடுபவர்களுக்கு உடல் வலு குறைவு என்று நான் நினைக்கவில்லை. தாங்கள் முன்னேறுகிறோமா என்பது அவர்களுக்குத் தெரிவதே இல்லை. ரசிகருக்கு அந்தக் குறை இல்லை. அவர் செய்ய வேண்டியது, நடிகருக்காக வைத்திருக்கும் கணக்கு நோட்டில் தமக்கென்று ஒரு பக்கத்தை ஒதுக்குவதுதான்.

கொங்கு நாட்டில் திரையும் தேகப்பயிற்சியும் தொடக்கம் முதலே அக்கம்பக்கமாக வளர்ந்தவை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு படக்கருவியை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கி, 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான திரையரங்கைக் கட்டினார். எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்து 1947இல் வெளிவந்த படம் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானது. கோவை ராமநாதபுரத்தில் பிறந்த சின்னப்பா தேவர் தேகப்பயிற்சியில் பெயர் பெற்றுச் ‘சாண்டோ’ என்னும் அடைமொழியோடு திரையுலகுக்குள் நுழைந்தவர். 1956இல் அவருடைய தேவர் பிலிம்ஸின் முதல் படம் வந்தது. சூலூரை அடுத்த காசிகவுண்டன்புதூரில் பிறந்த நடிகர் சிவகுமார் எண்பது வயதைக் கடந்தவர். இன்றும் யோகாசனத்துக்கும் நடைப்பயிற்சிக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறார். ஆகவே, படம் பார்க்கும் ஆர்வத்தையே பயிற்சிக்கான தூண்டுதலாகக் கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

தொடங்கும் முன் எடுக்க வேண்டிய ஐந்து எண்கள்

பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் ஐந்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இவை இல்லாமல் தொடங்கினால், மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் எதுவும் இருக்காது.

முதலாவது, ஓய்வுநிலை நாடித்துடிப்பு. காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பு, மணிக்கட்டில் இரு விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு. சில வாரம் ஒழுங்காக நடந்தாலோ ஓடினாலோ இந்த எண் மெல்ல இறங்கும். ஸ்பின்னிங் மில்லிலோ பனியன் கம்பெனியிலோ இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் காலை நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. எப்போது தூங்கி எழுகிறார்களோ அப்போது எண்ணினால் போதும்.

இரண்டாவது, இடுப்புச் சுற்றளவு. தையற்காரரின் இஞ்சு டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே சுற்றி, வயிற்றை உள்ளிழுக்காமல், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும். தெற்காசிய உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. சர்க்கரை நோய், இதயநோய் ஆகியவற்றின் ஆபத்தைக் காட்டுவதில் எடையை விட இந்த அளவு கூடுதலாக உதவும் என்பதால், ஒன்றை மட்டும்தான் அளப்பேன் என்று சொல்பவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

மற்ற மூன்றும் எளியவை: உடல் எடை, ஒரு கிலோமீட்டரை வேகமாக நடந்து முடிக்க ஆகும் நேரம், உடல் நேராக இருக்கும்படி, முறை தவறாமல் எடுக்க முடிகிற தண்டாலின் எண்ணிக்கை. தண்டால் ஒன்றுகூட எடுக்க முடியவில்லை என்றால் பூச்சியம் என்றே எழுதுங்கள். பூச்சியத்திலிருந்து ஒன்றுக்குப் போவதும் முன்னேற்றம்தான். அது நோட்டில் பதிவாக வேண்டும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களும், இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயநோய் உள்ளவர்களும், மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ உணர்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

நடிகரின் உடம்பை அளவுகோலாக வைக்காதீர்கள்

ரசிகர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘தங்கல்’ (2016) படத்தில் அமீர் கான் முதலில் எடை கூட்டி, வயதான பகுதிகளை நடித்து முடித்தார். பிறகு படப்பிடிப்பில் சில மாத இடைவெளி விட்டு, அந்தக் காலத்தில் எடையைக் குறைத்து இளமைப் பகுதியில் நடித்தார். ஒரு படக்குழுவே அவருடைய உடலுக்காகக் காத்திருந்தது. பயிற்சியாளர், உணவு வல்லுநர், மருத்துவர் என்று பலர் உடனிருந்தார்கள். அவருக்கு அந்த மாதங்களில் அதுவே வேலை. ஹாலிவுட்டில் ‘எக்ஸ்-மென்’ படங்களின் நாயகன் வுல்வரினாக நடித்த ஹியூ ஜாக்மன், மேல்சட்டையில்லாத காட்சிகளுக்கு முன்பு ஒரு நாளுக்கும் மேலாகத் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவது வழக்கம் என்று வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். தோலுக்கடியில் இருக்கும் நீர் வற்றித் தசைகள் கோடு கோடாகத் தெரிவதற்காகச் செய்யப்படும் ஏற்பாடு அது. அந்தத் தோற்றம் படப்பிடிப்பு நாளுக்கானது. விளக்கு, கேமரா கோணம், காட்சிக்குச் சற்று முன்பு செய்யும் பயிற்சி எல்லாம் சேர்ந்து உருவாக்குவது. எட்டு மணி நேரம் தறியோடு நின்றுவிட்டு வரும் ஒருவரோ, கல்லூரி விடுதி மெஸ்ஸில் சாப்பிடும் ஒருவரோ அதைத் தம் கண்ணாடியில் தேடினால் மனம் நொந்து போவதுதான் மிஞ்சும்.

கற்பனைப் பாத்திரங்களின் பயிற்சிமுறையையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘ஒன் பஞ்ச் மேன்’ தொடரின் சைதாமா நாள்தோறும் 100 தண்டால், 100 சிட்-அப், 100 பஸ்கி (உட்கார்ந்து எழுவது), 10 கிலோமீட்டர் ஓட்டம் என்று மூன்று வருடம் செய்ததாகச் சொல்வார். அனிமே ரசிகர்களில் பலர் இதை முதல் நாளே முயன்று பார்க்கிறார்கள். பழக்கமில்லாத உடல் ஒரே நாளில் அவ்வளவு செய்தால் தசைநார்கள் அளவுக்கு மீறிச் சிதைந்து, அந்தச் சிதைவுப் பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். கடும் பயிற்சிக்குப் பின் தாங்க முடியாத வலி, வீக்கம், டீ டிக்காஷன் நிறத்தில் சிறுநீர் ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சைதாமாவிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தகுந்தது ஒன்று உண்டு: அவருடைய பட்டியலில் கருவி எதுவும் இல்லை. நான்கு பயிற்சிகளையும் அவற்றின் பத்தில் ஒரு பங்கு அளவில், வாரத்துக்கு இரண்டு நாள் என்று தொடங்கினால் அது நல்ல பயிற்சியே. அப்போதும் சிட்-அப்புக்குப் பதிலாக பிளாங்க் (முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகப் பிடித்திருப்பது) செய்வது முதுகுக்கு நல்லது என்பது என் கருத்து.

நடை: ஒரு பட ஆல்பம், ஒரு நீண்ட பயணம்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும். அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையாக இயக்க வேண்டும். அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்று எல்லோரும் சொல்லும் கணக்கு, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் மூலம் பரவியது. அது மருத்துவ ஆய்விலிருந்து பிறந்த எண் அல்ல. ஆகவே அடிகளை விட நிமிடங்களை எண்ணுவதே நல்லது.

ஐந்தாறு பாடல்கள் கொண்ட ஒரு தமிழ்ப் பட ஆல்பம் ஏறக்குறைய அரைமணி நேரம் ஓடும். ஒரு நாளுக்கு ஓர் ஆல்பம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று நடந்தால் 150 நிமிடம் நிறைந்துவிடும். வேகம் போதுமா என்பதைப் பாட்டை வைத்தே சோதிக்கலாம். நடக்கும்போது பிடித்த வசனத்தைத் தடையின்றிச் சொல்ல முடிய வேண்டும், ஆனால் பாட்டைச் சேர்ந்து பாட மூச்சு இடம் கொடுக்கக் கூடாது. அதுதான் மிதமான வேகம். பாட முடிகிறது என்றால் நடையை எட்டிப் போடுங்கள். வசனமே திணறுகிறது என்றால் குறையுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. அரை நிமிடத்தில் வலது கால் மட்டும் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். 25 என்றால் நிமிடத்துக்கு 100 அடி. பெரும்பாலானவர்களுக்கு மிதமான வேகம் அங்கேதான் தொடங்குகிறது. தாளம் அந்த வேகத்துக்குக் குறையாத பாட்டுகளை நடுவிலும், மெல்லிசைப் பாட்டுகளை முதலிலும் கடைசியிலும் வைத்து வரிசையை அமைத்துக்கொண்டால் உடல் சூடேறவும் தணியவும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

கிலோமீட்டர்களை வெறும் எண்ணாகக் கூட்டிக்கொண்டே போவது சில வாரங்களில் சலித்துவிடும். மேலைநாட்டு ரசிகர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் ஹாபிட்டன் ஊரிலிருந்து ரிவெண்டெல் வரை 458 மைல், அதாவது சுமார் 737 கிலோமீட்டர் என்று வரைபடத்தை வைத்துக் கணக்கிட்டு, தாங்கள் தினமும் நடக்கும் தூரத்தை அந்தப் பாதையில் குறித்துக்கொண்டே வருகிறார்கள். அதே முறையை நம் திரை வரலாற்றின் மீது வைத்துப் பார்க்கலாம். கோவை வெரைட்டி ஹால் ரோட்டில் தொடங்குங்கள். அவிநாசி சுமார் 40 கிலோமீட்டர், பெருந்துறை சுமார் 80, பவானி சுமார் 100, அதன் பின் சங்ககிரி. பிறகு ஏறக்குறைய 165ஆவது கிலோமீட்டரில் சேலம். டி.ஆர். சுந்தரம் 1930களில் நிறுவி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு அங்கே ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கிறது. அங்கிருந்து இன்னொரு 340 கிலோமீட்டரில் சென்னை, கோடம்பாக்கம்.

மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் 150 நிமிடம் என்றால் வாரத்துக்கு 12.5 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் 13 வாரம் முடிந்த சில நாளில் சேலம் வளைவைத் தொடுவீர்கள். மொத்தப் பயணத்துக்கு 40 வாரம் ஆகும். காய்ச்சல், கல்யாணம், கோயில் நோன்பி என்று பத்துப் பன்னிரண்டு வாரம் விட்டுப்போனாலும் ஒரு வருடத்துக்குள் கோடம்பாக்கம் வந்துவிடும். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அன்றன்று நடந்த தூரத்தையும் அன்றைக்கு ‘வந்து சேர்ந்த’ ஊரையும் எழுதுங்கள். பொள்ளாச்சிக்காரர்கள் வேண்டுமானால் வால்பாறைச் சாலையைத் தேர்ந்துகொள்ளலாம். ஆழியாறுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், வளைவுக்கு ஒரு கட்டம் வரைந்து, அரைமணி நடை ஒன்றுக்கு ஒரு கட்டம் என்று நிரப்பினால் எட்டு வாரத்தில் மேலே ஏறிவிடலாம்.

உண்மையில் நடக்கும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவிநாசி சாலையிலோ பைபாஸ் ஓரத்திலோ காதில் ஹெட்போனுடன் நடக்காதீர்கள். கோவையில் ரேஸ்கோர்ஸ் நடைபாதையும் உக்கடம் பெரியகுளக் கரையும், வெளியூர்களில் பள்ளி மைதானமும், கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால்களின் மேடும் பாதுகாப்பானவை. வாய்க்கால் மேட்டில் வெளிச்சம் வந்த பிறகே இறங்குங்கள். இருட்டில் பாம்பு இருக்கும். ஈரோடு, கரூர்ப் பக்கம் பங்குனி, சித்திரை மாதங்களில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிட வேண்டும்.

வலுப்பயிற்சி: அத்தியாயத்துக்கும் ஓவருக்கும் இடையில்

வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு, செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பயிற்சிகள் போதும். பஸ்கி, தண்டால், குனிந்து நின்று தண்ணீர் நிரப்பிய ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை இடுப்பு வரை இழுப்பது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, பிளாங்க். ஒவ்வொன்றும் மூன்று சுற்று. பிளாங்க் தவிர மற்றவற்றில் சுற்றுக்கு 8 முதல் 12 தடவை. தரையில் தண்டால் வராதவர்கள் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம். பிறகு திண்ணை, பிறகு ஒரு படிக்கட்டு, கடைசியாகத் தரை என்று உயரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். கொங்கு வீடுகளின் பழைய திண்ணை இதற்கென்றே அமைந்த உயரத்தில் இருக்கிறது.

சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே எவ்வளவு ஓய்வு என்று கேட்பவர்களுக்கு அனிமே ரசிகர்களிடம் விடை இருக்கிறது. தொலைக்காட்சி அனிமேயின் தொடக்கப் பாடல் பொதுவாக ஒன்றரை நிமிடம் ஓடும். பிடித்த தொடக்கப் பாடலைப் போட்டு, அது முடியும் வரை ஓய்வெடுத்து, முடிந்ததும் அடுத்த சுற்றைத் தொடங்குங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். போனில் வேறெதையும் திறக்கவும் தோன்றாது. கிரிக்கெட் பார்ப்பவர்கள், ஒரு இன்னிங்ஸின் 20 ஓவரில் இரண்டு ஓவருக்கு ஒரு முறை எழுந்து ஐந்து பஸ்கி போட்டால் மொத்தம் 50 ஆகிவிடும். விக்கெட்டுக்கு இத்தனை, சிக்ஸருக்கு இத்தனை என்று வைத்துக்கொள்ள வேண்டாம். அது ஆட்டத்தைப் பொறுத்து ஒரு நாள் பத்தாகவும் ஒரு நாள் இருநூறாகவும் போய்விடும். ஒப்பிட முடியாத எண்ணால் பயனில்லை.

எப்போது கடினமாக்குவது என்பதற்கு ஒரே விதி போதும். மூன்று சுற்றிலும் 12 தடவை முறை தவறாமல் முடிப்பது அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளிலும் நடந்தால், மூன்றாம் முறை உயரத்தைக் குறைக்கவோ எடையைக் கூட்டவோ செய்யுங்கள். நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்: ‘செவ்வாய். தண்டால், திண்ணை: 12, 10, 8. வெள்ளி. தண்டால், திண்ணை: 12, 11, 9.’ இரண்டு வரிகளுக்கும் நடுவே கூடியிருக்கும் இரண்டு தண்டால்தான் அந்த வாரத்தின் வசூல். கண்ணாடியில் எதுவும் தெரியாத முதல் ஆறு வாரத்தில் இந்த எண்கள் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். தசை பெருப்பதற்கு முன்பு, இருக்கும் தசையைக் கூடுதலாகப் பயன்படுத்த நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதே அதற்குக் காரணம். அந்த ஆறு வாரத்தைக் கடக்க நோட்டைத் தவிர வேறு துணை இல்லை.

ஜிம்முக்குச் செல்பவர்கள் ஒன்றை மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ள வேண்டும். ‘ஏனுங் தம்பி, மூணு மாசத்துல ஹீரோ மாதிரி ஆயிரலாம்’ என்று சொல்லி எவராவது ஊசியோ பெயர் தெரியாத மாத்திரையோ தந்தால் அந்த இடத்தை விட்டு வெளியேறிவிடுங்கள். தசை வளர்க்கும் ஹார்மோன் ஊசிகள் இதயத்தையும் கல்லீரலையும் கெடுப்பதோடு, ஆண்களின் விந்து உற்பத்தியையும் பாதிக்கின்றன.

வள்ளிக்கும்மியும் கணக்கில் சேரும்

தனியாக நடப்பது பிடிக்காதவர்களுக்குக் கொங்கு நாட்டில் ஓர் அருமையான வழி இருக்கிறது. ஊர்க் கோயில் திடல்களில் மாலை வேளையில் வள்ளிக்கும்மிப் பயிற்சி நடக்கிறது. சிறுமி முதல் பாட்டி வரை ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். அரங்கேற்றக் காணொளிகள் போனுக்குப் போன் பரவுகின்றன. இன்று இதுவும் மக்கள் கொண்டாடும் கலை. ஆண்கள் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்து எம். பத்ரப்பன், 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது 87 வயதுடையவராக இருந்தார். குனிந்து, நிமிர்ந்து, கைதட்டி, சுற்றி வரும் இந்த ஆட்டத்தில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஆடினால் அந்த அறுபது நிமிடத்தையும் வாரக் கணக்கில் தயங்காமல் எழுதலாம். பயணக் கணக்கில் சேர்க்க விரும்பினால் ஒரு மணி நேரக் கும்மிக்கு 5 கிலோமீட்டர் என்று ஒரு விதியை நீங்களே வைத்துக்கொண்டு, அதை மாற்றாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் குதிக்கும் அடிகளைத் தவிர்த்துவிட்டு ஆடலாம். ஆசிரியரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

உணவைப் பற்றிச் சுருக்கமாக

சாதாரணமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியப் பரிந்துரை. வலுப்பயிற்சி செய்பவர்கள் 1.2 முதல் 1.6 கிராம் வரை போகலாம்; 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 72 கிராமில் தொடங்கும். நாமக்கல் முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம், 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் சுமார் 7 கிராம் இருக்கிறது. அரிசிம்பருப்புச் சாதத்தில் அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி, பக்கத்தில் தயிரும் ஒரு முட்டையும் வைத்துக்கொண்டால் மதியத்துக்குத் தனியாகப் பவுடர் தேவைப்படாது. நம் ஊர்களில் எடை கூடுவதற்கு முக்கியக் காரணம் தெருவுக்குத் தெரு இருக்கும் பேக்கரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, கூடவே ஒரு பப்ஸ் என்றால் அரைமணி நடையில் செலவாவதை விட அதிகமாகவே உள்ளே போய்விடுகிறது. திரையரங்கில் குடிக்கும் 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு. படம் பார்ப்பதை விட வேண்டாம். இடைவேளையில் தண்ணீர் வாங்குங்கள்.

சனிக்கிழமைக் கணக்கு

திருப்பூரில் வாரக் கூலி சனிக்கிழமை கைக்கு வரும். அதே நாளில் உடலின் வாரக் கணக்கையும் முடித்துவிடுவது நல்ல வழக்கம். அந்த வாரம் நடந்த நிமிடங்கள், கடந்த கிலோமீட்டர், வந்து சேர்ந்த ஊர், இரண்டு நாள் தண்டால் எண்ணிக்கை, ஏழு நாள் எடையின் சராசரி ஆகிய ஐந்தையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

எடையை ஏன் சராசரியாக எழுத வேண்டும் என்பதை விளக்க வேண்டும். ஒரே ஆளின் எடை ஒரு நாளிலிருந்து மறுநாளுக்கு ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். கல்யாண விருந்தில் உப்பும் மாவுச்சத்தும் கூடுதலாக உள்ளே போனால் உடல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது கொழுப்பு அல்ல. ஆகவே தினமும் காலைக்கடன் முடித்து, சாப்பிடும் முன்பு எடை பார்த்து, ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் சென்ற வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். எடை குறைக்க விரும்புபவர்களுக்கு வாரம் அரைக் கிலோ வரை குறைவது நல்ல வேகம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர்ச்சேர்க்கையால் எடை கூடும் என்பதால், பெண்கள் ஒரு சுழற்சியின் ஒரு வாரத்தை அடுத்த சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுவதே சரி.

இடுப்பளவையும் படத்தையும் நான்கு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் எடுங்கள். படம் எடுக்கும்போது அதே சுவர், அதே ஜன்னல் வெளிச்சம், அதே நேரம், அதே உடை இருக்க வேண்டும். அபிமான நடிகரின் படம் போட்ட பனியன் ஒன்றை இதற்கென்று ஒதுக்கி வைப்பது நல்லது. ஆனால் அதன் அளவை மட்டும் நம்பாதீர்கள். ஒரே எண் போட்ட பனியன்கூட லாட்டுக்கு லாட் மாறும். பருத்தித் துணி துவைக்கத் துவைக்கச் சுருங்கும். டேப் காட்டும் சென்டிமீட்டரே கணக்கு.

கடிகாரம், போன் செயலி ஆகியவற்றை வைத்திருப்பவர்கள் ஒரே கருவியைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். போன் காட்டும் அடிகளும் கடிகாரம் காட்டும் அடிகளும் பொருந்தாது. நடுவில் மாற்றினால் முன்னேற்றமும் பின்னடைவும் பொய்யாகத் தெரியும். நாடித்துடிப்பை இவை ஓரளவு சரியாகவே காட்டுகின்றன. எரித்த கலோரி என்று காட்டும் எண்ணில் பிழை மிக அதிகம். அதை நம்பி ஒரு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட வேண்டாம்.

மாதம் ஒரு முறை மலைப்படி

சமதரையில் நடந்து பெற்ற வலுவைச் சோதிக்கப் படிக்கட்டை விடச் சிறந்த இடம் இல்லை. கோவைக்காரர்களுக்கு 837 படிகள் கொண்ட மருதமலையும், ஈரோடு, பெருந்துறைக்காரர்களுக்கு 1,320 படிகள் கொண்ட சென்னிமலையும் இருக்கின்றன. மாதம் ஒரு நாள், ஓடாமல், நிற்காமல், சீரான வேகத்தில் ஏறி, எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறியுங்கள். மேலே சேர்ந்ததும் நாடித்துடிப்பை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் நின்றுவிட்டு மீண்டும் அதேபோல் எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதந்தோறும் பெரிதாகிக்கொண்டே வந்தால் இதயம் விரைவாக அமைதியடையப் பழகுகிறது என்று பொருள். ஏறும்போது நெஞ்சு வலித்தாலோ கண் இருண்டாலோ உடனே உட்கார்ந்து உதவி கேளுங்கள். அந்த நாளின் நேரம் முக்கியமல்ல.

இது வழிபாட்டிடம் என்பதை மறக்கக் கூடாது. கிருத்திகை, சஷ்டி, தைப்பூச நாட்களைத் தவிர்த்து, கூட்டம் குறைந்த வாரநாள் காலையில் போங்கள். பக்தர்களை முந்தித் தள்ளிக்கொண்டு ஏறாதீர்கள். முழங்காலில் தேய்மானம் உள்ளவர்கள் இறங்குவதற்குப் பேருந்தைப் பிடிப்பது நல்லது, ஏனென்றால் ஏறுவதை விட இறங்குவதே மூட்டுக்கு அதிகச் சுமை. வெள்ளியங்கிரியை இந்தச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளவே வேண்டாம். ஏழு மலையும் ஏறி இறங்கப் பல மணி நேரம் ஆகும். ஆயத்தமில்லாமல் ஏறி மூச்சுத்திணறியும் மாரடைப்பு வந்தும் உயிரிழந்தவர்கள் உண்டு. குறைந்தது சில மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து, மருத்துவரின் ஒப்புதலும் பெற்ற பிறகு யோசிக்கலாம்.

விட்டுப்போன நாட்கள்

இரவுக் காட்சி பார்த்துவிட்டு வந்த மறுநாள் தூக்கம் போதாது; அன்று வலுப்பயிற்சியை மறுநாளுக்குத் தள்ளிவிட்டு, மாலையில் ஓர் ஆல்பம் மட்டும் நடங்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டால் நிமிடங்களையும் தண்டாலையும் பாதியாக்கித் தொடங்கி, இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள். காய்ச்சல் வந்தவர்கள் காய்ச்சல் விட்ட பிறகு சில நாள் முழு ஓய்வெடுத்து, பத்து நிமிட நடையில் தொடங்க வேண்டும். விட்டுப்போன கிலோமீட்டர்களை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நடந்து ஈடுகட்ட முயலாதீர்கள். சங்ககிரியில் நின்றிருந்தால் சங்ககிரியிலிருந்தே கிளம்புங்கள்.

13 வாரம் முடிந்து சேலம் வளைவு நெருங்கும்போது, தொடக்கத்தில் எடுத்த ஐந்து எண்களையும் அதே முறையில் மீண்டும் எடுங்கள். நாடித்துடிப்பும் கிலோமீட்டர் நேரமும் இறங்கி, இடுப்பளவு மட்டும் அசையவில்லை என்றால் உணவைப் பாருங்கள்; பெரும்பாலும் டீயும் பப்ஸும் அங்கே நிற்கும். இடுப்பு இறங்கித் தண்டால் ஏறவில்லை என்றால் புரதத்தையும் தூக்கத்தையும் கூட்டுங்கள். தண்டால் ஏறி, கிலோமீட்டர் நேரம் அப்படியே நின்றால், வாரத்தில் ஒரு நாள் நடையின் நடுவே ஒரு பாட்டுக்கு மெதுவாக ஓடி, அடுத்த பாட்டுக்கு நடந்து, மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஆகவே சேலத்திலிருந்து கிளம்பும்போது ஒன்றை மட்டும் மாற்றி, நான்கு வாரம் அதையே பின்பற்றி, அதன் பிறகு நோட்டைத் திறந்து பாருங்கள்.